முகத்தில் நிழல் வைக்கும் வேலை: நம் வெயிலுக்கும் நம் நிறத்துக்கும் ஏற்ற கான்டூரிங்

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் காலை ஆறரை மணிக்கு நின்று மணலைப் பாருங்கள். சற்று முன் கடலுக்கு மேலே எழும்பிய சூரியன் பக்கவாட்டில் அடிக்கும். முதல்நாள் பின்னேரம் யாரோ நடந்துபோன ஒவ்வொரு காலடியும் ஒரு கிண்ணம்போலத் தெரியும். குதிகால் எவ்வளவு ஆழமாக இறங்கியது, விரல்பக்கம் எங்கே மணல் குவிந்தது என்றுகூடச் சொல்லலாம். அதே இடத்துக்குப் பகல் பதினொன்றரைக்கு வாருங்கள். காலடி அப்படியேதான் இருக்கும், கண்ணுக்குத்தான் பிடிபடாது. மணல் வெள்ளைத் தாள்போலத் தட்டையாகக் கிடக்கும்.

கான்டூரிங் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். முகத்தில் மேடும் பள்ளமும் ஏற்கனவே இருக்கின்றன. பவுண்டேஷன் பூசியதும் முகம் முழுக்க ஒரே நிறமாகி, பதினொன்றரை மணி மணல்போல ஆகிவிடுகிறது. அப்படிப் போன நிழலைப் போன இடத்திலேயே திரும்ப வைப்பதுதான் வேலை. இல்லாத பள்ளத்தை நாம் தோண்டுவதில்லை.

மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் 14 வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்து வருகிறேன். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் கைப்பழக்கம் என்பது என் அனுபவம். அந்தக் கைப்பழக்கத்தைப் படிப்படியாகக் கீழே எழுதுகிறேன்.

ஏன் பலருக்குப் பட்டை பட்டையாகத் தெரிகிறது?

வெளிச்சத்தையும் தூரத்தையும் வைத்து முகத்தில் நிறம் பூசுவது நம் ஊருக்குப் புதிதல்ல. வடமோடி, தென்மோடி என்ற நம் நாட்டுக்கூத்துகள் வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்டபோது, தீப்பந்த வெளிச்சத்திலும் பிறகு பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்திலும் களரியைச் சுற்றியிருந்த எல்லாருக்கும் முகம் தெரிய வேண்டியிருந்தது. அதனால் அரிதாரம் தடிப்பாக இருந்தது, புருவமும் மீசையும் ஓங்கித் தெரிந்தன. சினிமாவில் கமரா முகத்துக்குக் கிட்ட வந்தபோது அந்தத் தடிப்பு ஒத்துவரவில்லை. மேடைப் பூச்சு காய்ந்து வெடித்தது. 1914-இல் ஒப்பனைக் கலைஞர் மாக்ஸ் ஃபாக்டர் திரைப்படத்துக்கென்றே மெல்லிய கிரீஸ் பெயின்ட் (பசைபோன்ற முகப்பூச்சு) செய்தது இதனால்தான். பார்ப்பவர் எவ்வளவு கிட்ட வருகிறாரோ, பூச்சு அவ்வளவு மெல்லியதாக வேண்டும்.

2012-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கார்டாஷியன் தன் முகத்தில் பழுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட படத்தை டுவிட்டரில் போட்டார். உலகம் முழுக்கக் கான்டூரிங் பேச்சானது அதற்குப் பிறகுதான். அது பாதி வேலையில் எடுத்த படம். கரைத்து முடிக்காத நிலை. அந்தக் கோடுகளைப் பார்த்துப் பழகியவர்கள் கோடு போடுவதையே கான்டூரிங் என்று எடுத்துக்கொண்டார்கள். கல்யாண மண்டபத்தில் மணப்பெண்ணோடு பேசுகிறவர் 2 அடி தூரத்தில் நிற்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

முதல் படி: வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்

தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம். முகூர்த்தம் காலை ஏழரை. நான் மூன்று மணிக்கே பெண் வீட்டில் இருந்தேன். அறையில் ஒரே ஒரு மஞ்சள் பல்பு. கன்னத்தில் வைத்த நிழல் அந்த வெளிச்சத்தில் அளவாக, அழகாகத்தான் தெரிந்தது. ஆறரைக்குப் பெண் வாசலுக்கு வந்ததும் அவளுடைய தங்கச்சி சொன்னாள், “அக்கா, கன்னத்துல ஏதோ ஊத்தை ஒட்டியிருக்கு.” செம்பழுப்பாக இரண்டு பட்டை. கோயிலுக்குப் போகும் வேனுக்குள் உட்கார்ந்து, ஈர ஸ்பொஞ்சால் ஒற்றி ஒற்றிச் சரிசெய்தேன். மஞ்சள் வெளிச்சம் செம்பழுப்பைத் தனக்குள் கரைத்து மறைத்துவிடும். பகல் வெளிச்சம் மறைக்காது.

ஆகவே ஜன்னலுக்கு நேரே முகம் வரும்படி உட்காருங்கள். வெளிச்சம் முன்னால் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் இரண்டு கன்னமும் இரண்டு அளவாகிவிடும். தலைக்கு மேலே இருக்கும் ரியூப் லைட் மட்டும் போதாது. அது கண்ணுக்குக் கீழேயும் மூக்குக்குக் கீழேயும் பொய் நிழல் விழுத்தும். அதைப் போக்க நீங்கள் வெள்ளை வெள்ளையாகக் கன்சீலர் என்ற மறைப்புப் பூச்சை அள்ளிப் போடுவீர்கள். விடியுமுன் செய்யும் வேலையானால், கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் முக உயரத்தில் ஒவ்வொரு வெள்ளை எல்ஈடி விளக்கு வையுங்கள். பெட்டியில் 5000 முதல் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் பகல் வெளிச்சத்துக்குக் கிட்ட இருக்கும். வெளிச்சம் வந்ததும் பெண்ணை ஒருமுறை வாசலுக்கு அழைத்துப் போய்ப் பாருங்கள். அந்த இரண்டு நிமிடத்தை எந்த அவசரத்திலும் நான் விடுவதில்லை.

நிகழ்ச்சி எங்கே, எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். ஏப்ரல் முதற்பாதியில் சூரியன் நம் நாட்டுக்கு நேர் மேலே வருகிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் பகல் 12 மணிக்கு வெளியில் நின்றால் புருவத்துக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, நாடிக்குக் கீழே சூரியனே கறுப்பு நிழல் போட்டுவிடும். அங்கே நாமும் வைத்தால் முகம் களைத்துத் தெரியும். இரவு மண்டபத்தில் நேர் மாறு. வீடியோக்காரரின் விளக்கு முகத்துக்கு நேரே அடித்து எல்லாவற்றையும் தட்டையாக்கும். அங்கே நிழல் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும்.

இரண்டாம் படி: விரலால் முகத்தைப் பாருங்கள்

பிரஷைத் தொடுமுன் கையைக் கழுவிவிட்டு வெறும் முகத்தில் விரலை வையுங்கள். காதுத் துளைக்கு முன்னால் சின்னக் குமிழ்போல ஒரு சதை நிற்கும். அங்கிருந்து மூக்கை நோக்கிக் கன்ன எலும்பின் மேல் விரலை ஓட்டுங்கள். மறுகா அதே எலும்பின் கீழ் விளிம்பைத் தேடுங்கள். எலும்பு முடிந்து விரல் உள்ளே இறங்கும் இடம் ஒன்று இருக்கும். வாயை இலேசாகத் திறந்து மூடினால் அந்த இடத்தில் தசை அசைவது தெரியும். உங்கள் நிழல் அங்கேதான் இருக்கிறது.

பலர் செய்வதுபோலக் கன்னத்தை உள்ளே இழுத்து மீன்வாய் வைத்துக்கொண்டு பூசாதீர்கள். வாயை விட்டதும் தோல் நகர்ந்து, வைத்த நிறம் அரை அங்குலம் கீழே இறங்கிவிடும். நிழல் கீழே இறங்கினால் கன்னமும் தொங்கியதுபோல ஆகும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகத் தெரியும்.

மூன்றாம் படி: நிறத்தைத் தேர்வது

இங்கேதான் நம் ஊரில் அதிகம் பிழை வருகிறது.

“புள்ளைக்குக் கொஞ்சம் வெள்ளையாப் போட்டு விடுங்க மகள்.” இதைச் சொல்லாத தாயை நான் கண்டது குறைவு. பாசத்தில்தான் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. பெண்ணின் ஒரு பக்கத் தாடையில் அம்மா கேட்ட நிறத்தையும் மற்றப் பக்கத்தில் அவளுடைய சொந்த நிறத்தையும் பூசி, இருவரையும் வாசலுக்கு அழைத்துப் போய்க் கண்ணாடியைக் கையில் கொடுப்பேன். வெள்ளைப் பக்கம் கழுத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல நிற்கும், சாம்பலும் பூத்திருக்கும். மற்றப் பக்கத்தில் தோல் தோலாக இருக்கும். பத்துத் தாயில் எட்டுப்பேர் அந்த இடத்திலேயே மனம் மாறிவிடுவார்கள்.

கான்டூருக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பவுண்டேஷன் இரண்டு நிறம் வெளிறிப்போனால், அதன் மேல் எந்தப் பழுப்பை வைத்தாலும் அழுக்காகத் தெரியும். மாநிற முகத்தில் இயல்பாக இருக்கும் நிழல்நிறம், வெளுத்த முகத்தில் கரிக்கோடாகிவிடும். கான்டூர் சரிவரவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கான்டூரில் பிழையே இல்லை. பவுண்டேஷன்தான் பிழை. தாடை ஓரத்தில் மூன்று நிறத்தைச் சிறு கோடுகளாக இழுத்து, பத்து நிமிடம் விட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பூசிய சில நிமிடத்தில் பல பவுண்டேஷன்கள் சற்றுக் கறுக்கும். அதற்குப் பிறகும் கழுத்தோடு கலந்து காணாமல் போகிற கோடுதான் உங்கள் நிறம்.

கான்டூர் நிறம் அந்தப் பவுண்டேஷனைவிட ஒன்றரை அல்லது இரண்டு படி கருமையாக, மினுக்கம் துளியும் இல்லாமல் இருக்க வேண்டும். நிழல் மினுங்காது. பிரான்சர் என்று விற்பது வேறு பொருள். அது வெயில் பட்ட முகத்தின் செம்மையைக் காட்டுவதற்கு. நிழலுக்குப் பிரான்சரைப் பூசினால் கன்னம் காய்ச்சல் கண்டதுபோலச் சிவந்துவிடும். ஆனால் வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதைக் கேட்டுச் சாம்பல் நிறக் கான்டூரை வாங்குவதும் நமக்குச் சரிவராது. வெளிர்ந்த தோலில் நிழல் சாம்பலாகத் தெரியும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அது சுண்ணாம்பு பட்டதுபோலப் பூத்துப்போகும். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். ஜன்னலோரம் நின்று நாடியைச் சற்று உயர்த்தி, தாடைக்குக் கீழே விழும் உங்கள் சொந்த நிழலைக் கண்ணாடியில் பாருங்கள். பால் விடாத கொக்கோவின் நிறத்துக்குக் கிட்ட இருக்கும். சிவப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. கடையில் அந்த நிறத்தைத் தேடுங்கள்.

தனியாகக் கான்டூர் வாங்க வசதி இல்லையென்றால் கவலை வேண்டாம். கண்ணுக்குப் போடும் மினுக்கம் இல்லாத பழுப்பு ஐஷேடோ போதும். புருவத்துக்கு வைத்திருக்கும் பழுப்புப் பவுடரும் போதும். நான் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் வேலை செய்தேன். வெள்ளையாக்கும் கிரீம்களை மட்டும் இதற்கு முன்தயாரிப்பாகப் பூசிவிடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருளே கூடாது என்று தடுத்திருப்பது காரணமில்லாமல் அல்ல. பெயர் முகவரி இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.

நான்காம் படி: அடித்தளம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முகத்தைக் கழுவி, மெல்லிய மொய்ஸ்சரைசர் பூசி, ஐந்து நிமிடம் விடுங்கள். எண்ணெய் வடியும் முகமானால் மூக்கு, நெற்றி நடு, நாடி ஆகிய இடங்களில் மட்டும், பவுண்டேஷனுக்கு முன் பூசும் பிரைமர். பவுண்டேஷனை ஈர ஸ்பொஞ்சால் ஒற்றிப் பூசுங்கள், இழுக்க வேண்டாம்.

ஒரு விதியை மட்டும் மாற்றாதீர்கள். கான்டூர் கிரீம் என்றால் முகப் பவுடருக்கு முன், கான்டூர் பவுடர் என்றால் முகப் பவுடருக்குப் பின். பவுடர் போட்ட தோலில் கிரீமை வைத்தால் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். எதனாலும் கரையாது.

கிரீமா, பவுடரா என்று கேட்டால், மணப்பெண்ணுக்குக் கிரீம் வைத்து அதன் மேல் அதே நிறப் பவுடரை மெல்லத் தொடுவேன். புகையும் வியர்வையும் தாண்டி நிற்கும். தினசரி வேலைக்குப் போகிறவருக்குப் பவுடர் மட்டும் போதும். வயதானவர்களுக்குக் கிரீம் மட்டும், ஏனென்றால் பவுடர் சுருக்கங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஐந்தாம் படி: கன்னம்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. மற்ற எதையும் செய்யாமல் கன்னத்தை மட்டும் சரியாகச் செய்தாலே முகம் எழும்பிவிடும்.

கிரீமைப் புறங்கையில் ஒரு நெல்மணி அளவு எடுங்கள். ஒரு கன்னத்துக்கு அவ்வளவுதான். பிரஷின் நுனியில் அதைத் தொட்டு, புறங்கையில் இரண்டு தடவை தட்டிவிட்டு, காதுக் குமிழுக்குப் பக்கத்தில் முதலில் வையுங்கள். முதலில் வைக்கும் இடம்தான் கூடுதலாகக் கறுக்கும். நிழல் காதுப்பக்கம் கூடி, மூக்கை நோக்கி வர வர மங்க வேண்டும். விரலால் கண்டுபிடித்தீர்களே, அந்த எலும்பின் கீழ் விளிம்பு, அதற்கு நேர் கீழே அல்ல, அந்த விளிம்பின் மேலேயே பிரஷை வையுங்கள். கரைக்கும்போது நிறம் எப்படியும் சற்றுக் கீழே பரவும், அதற்கு இடம் விடுகிறோம்.

எங்கே நிறுத்துவது? கண்ணின் வெளி ஓரத்திலிருந்து நேரே கீழே ஒரு கோடு இறங்குவதாக நினையுங்கள். நிழல் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டி வாயோரம் வரை வந்தால் முகம் ஒட்டிப்போய், நோய்ப்பட்டவர்போல ஆகிவிடும்.

இனிக் கரைத்தல். சுத்தமான ஈர ஸ்பொஞ்சைப் பிழிந்து, நிழலின் மேல் ஓரத்தை மேல்நோக்கி ஒற்றுங்கள். கீழ் ஓரத்தையும் மேல்நோக்கியே ஒற்றுங்கள். கீழே இழுக்கும் கை எப்போதும் முகத்தையும் கீழே இழுக்கும். ஓரம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாமல் போகும்வரை ஒற்றுங்கள். மறுகா இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். நிறம் தெரியக் கூடாது, வடிவம் மட்டும் தெரிய வேண்டும். போதவில்லையென்றால் இன்னும் அரை நெல்மணி. கூட்டுவது எளிது. கூடிப்போனால் ஸ்பொஞ்சில் துளி பவுண்டேஷன் எடுத்து அதன் மேல் ஒற்றினால் இறங்கும், ஆனால் பூச்சு தடித்துவிடும்.

கன்னத்துக்குச் செம்மை தரும் பிளஷ் போடுவதானால் நிழலுக்கு மேலே, எலும்பின் மேல். இரண்டும் ஓரத்தில் இலேசாகச் சந்திக்கலாம், ஒன்றோடொன்று குழம்பக் கூடாது.

இயல்பாகவே கன்னம் ஒட்டிய மெலிந்த முகத்துக்கு இந்தப் படியே வேண்டாம். பிளஷ் மட்டும் போதும். இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும், காசு கொடுத்த எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஒட்டிய கன்னத்தில் நிழல் வைத்துவிட்டுப் படத்தில் பார்த்தால் அவர்களே வருந்துவார்கள்.

ஆறாம் படி: மூக்கு

மூக்கு பெரிதென்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் முதலில் ஃபோனைக் கீழே வைக்கச் சொல்வேன். 12 அங்குல தூரத்தில் எடுக்கும் செல்ஃபி, 5 அடி தூரத்திலிருந்து பார்ப்பதைவிட மூக்கை ஏறத்தாழ 30 வீதம் அகலமாகக் காட்டுகிறது. 2018-இல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியான கணக்கு இது. கிட்ட இருப்பது பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். உங்களை மற்றவர்கள் பார்ப்பது செல்ஃபித் தூரத்திலிருந்து அல்ல. சாதாரணக் கண்ணாடியில், கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, மூக்குக்கு வேலை வேண்டுமா என்று முடிவெடுங்கள். பலருக்கு வேண்டியதில்லை.

வேண்டுமென்றால், சின்னப் பிரஷ். ஐஷேடோ கரைக்கும் பிரஷ் போதும். புருவத்தின் உள்முனையும் மூக்கின் பக்கமும் சந்திக்கும் குழிவில் தொடங்குங்கள். அங்கே இயல்பாகவே நிழல் உண்டு, அதனால் ஒப்பனை என்று யாருக்கும் தெரியாது. அங்கிருந்து மூக்குத் தண்டின் இரண்டு பக்கமும் மெல்லிய நிழலைக் கீழே கொண்டுவாருங்கள். இரண்டு நிழலுக்கும் நடுவில் விடும் இடம்தான் மூக்கின் அகலமாகத் தெரியும். ஆசைப்பட்டு அதைக் குச்சிபோல ஒடுக்காதீர்கள். உங்கள் தண்டின் இயல்பான அகலத்திலிருந்து மிகச் சிறிதளவு உள்ளே வந்தால் போதும். கோடு அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல இருக்கவும் கூடாது. நடுவில் சற்று மங்கி, நுனிப்பக்கம் மீண்டும் தொட்டால் இயல்பாக வரும்.

நாசி மடல் அகலமானால் மடலின் வெளி வளைவில் மட்டும் ஒரு தொடுகை. மூக்கு நீளமானால் நுனிக்குக் கீழே மட்டும். மூக்குத்தி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூக்குத்தியே வெளிச்சத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், எனவே அந்தப் பக்க மடலில் நிழல் குறைவாகவே வேண்டும். துளைக்குள் கிரீம் போனால் புண்ணாகும், குறிப்பாகப் புதிதாகக் குத்திய மூக்கில்.

தாடையும் நெற்றியும்

தாடை எலும்பின் ஓரத்தில் காதிலிருந்து நாடிவரை ஒரு மெல்லிய பூச்சு. அதைக் கழுத்துக்குள் கரைத்துவிடுங்கள், முகத்துக்குள் ஏற்ற வேண்டாம். கழுத்தில் அட்டியலும் சங்கிலியும் மாலையும் வரப்போகும் மணப்பெண்ணுக்குக் கழுத்தில் கிரீம் வைக்காதீர்கள். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் மாலையில் ஒட்டியிருக்கும். இன்னொன்று, சிவப்புக் கூறைச்சேலை தன் நிறத்தை மேல்நோக்கித் தாடைக்கு அடிக்கும். சேலை உடுத்து முடித்த பிறகு தாடையை ஒருமுறை பாருங்கள். அளவாக இருந்த நிழல் செம்மை ஏறித் தெரியும். துளி பவுடரால் அடக்கிவிடலாம்.

நெற்றி அகலமானால் மயிர் தொடங்கும் ஓரத்தில் மட்டும், மயிருக்குள் போய்க் கரையும்படி. நெற்றிச்சுட்டியும் பூவும் வைக்கிறவர்களுக்கு இதற்கு மினக்கெட வேண்டாம், எதுவும் தெரியப்போவதில்லை.

முக வடிவத்தைப் பற்றி

வட்டம், சதுரம், நீளம், இதயம் என்று படம் போட்டு விற்கிறார்கள். நான் பார்த்த முகங்களில் ஏதாவது ஒரு பெட்டிக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தவை மிகக் குறைவு. ஆனாலும் திசை தெரிய வேண்டும் என்பதால் சொல்கிறேன். வட்ட முகத்தில் கன்ன நிழலைச் சற்றுச் செங்குத்தாகச் சரித்து, நெற்றியின் இரண்டு பக்க ஓரங்களிலும் தொடுங்கள். நீள முகத்தில் அதே நிழலைப் படுக்கையாக வைத்து, நெற்றி உச்சியிலும் நாடி நுனியிலும் வையுங்கள். தாடை அகன்ற முகத்தில் காதுக்குக் கீழே தாடை திரும்பும் மூலையை மட்டும் மென்மையாக்குங்கள். அந்த மூலையை முழுக்க அழித்துவிட வேண்டாம். உறுதியான தாடை அழகானது, படத்தில் மிக நன்றாக விழும்.

பெரியபிள்ளையாகி சாமத்தியச் சடங்குக்கு அலங்காரம் செய்யும் 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு நான் கான்டூர் வைப்பதே இல்லை. அந்த வயது முகத்துக்கு எலும்பைக் காட்டும் வேலை தேவையில்லை. எவ்வளவு கேட்டாலும் செய்வதில்லை.

முக்காடு போடும் பெண்களுக்கு

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று நிக்காஹ்வுக்கும் வலீமாவுக்கும் போகும்போது இந்த வேலையின் கணக்கே மாறும். துணி நெற்றியையும் தாடை ஓரத்தையும் மறைத்துவிடும். முகம் ஒரு வட்டத்துக்குள் வந்து, உள்ளதைவிட உருண்டையாகத் தெரியும். நெற்றியிலும் தாடையிலும் வைப்பதெல்லாம் வீண், துணியிலும் ஒட்டும். கன்னம்தான் எல்லாம்.

காதுக் குமிழ் துணிக்குள் போய்விடுவதால், நிழல் தொடங்கும் இடம் துணியின் ஓரம். அதனால் முதலில் உள்தொப்பியையும் முக்காட்டையும் சுற்றிப் பார்த்து, ஓரம் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டு, அவிழ்த்துவிட்டு ஒப்பனை செய்யுங்கள். கடைசி ஒற்றலை முக்காடு கட்டிய பிறகு செய்யுங்கள். வெள்ளை, தந்த நிறத் துணி கீழேயிருந்து முகத்துக்கு வெளிச்சம் அடித்து நிழலைத் தின்றுவிடும், ஆகவே வழமையைவிடச் சற்றுக் கூட்டலாம். கரும்பச்சை, மெரூன் துணிக்கு வழமையான அளவே போதும்.

ஹைலைட்

மேடான இடத்தில் வெளிச்சம் பட்டதுபோல மினுக்கம் வைப்பதுதான் ஹைலைட். நிழல் சரியாக விழுந்தால் இது அதிகம் தேவைப்படாது. கன்ன எலும்பின் உச்சி, மேலுதட்டு வளைவு, வேண்டுமென்றால் மூக்குத் தண்டு. நம் நிறத்துக்கு வெள்ளி மினுக்கம் பொருந்தாது, சாம்பலாகும். பொன்னோ தாமிரமோ கலந்த நிறம் எடுங்கள். மூக்கு நுனியிலும் நெற்றி நடுவிலும் வைக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அங்கே ஒரு மணி நேரத்தில் தானாகவே மினுக்கம் வந்துவிடும்.

காற்றுக்கும் வியர்வைக்கும்

வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தோல் காய்ந்து இழுக்கும், வியர்வையும் ஊற்றும். அப்போது எல்லாவற்றையும் மெல்லிய மெல்லிய படையாக வைத்து, ஒவ்வொரு படைக்கும் நடுவில் டிஷூவால் ஒற்றி எண்ணெயை எடுங்கள். பவுடரை முகம் முழுக்கக் கொட்டாதீர்கள். கண்ணுக்குக் கீழே, மூக்கோரம், நாடி போதும். வெள்ளையாகத் தெரியாத எச்டி பவுடர் என்று விற்பவற்றில் சிலிக்கா அதிகம் இருந்தால், ஃபிளாஷ் அடித்ததும் முகத்தில் மாப்பூசியதுபோல வெள்ளைத் திட்டு வரும். துத்தநாகமும் டைட்டேனியமும் கலந்த சன்ஸ்கிரீனும் அப்படித்தான். புதுப் பவுடரை மணநாளில் முதல்முறை பூசாதீர்கள். முதல்நாளே ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

ஓமப் புகையில் கண் கலங்கும். பெண்ணின் தோழியிடம் இரண்டு டிஷூவை மடித்துக் கொடுத்து, துடைக்க வேண்டாம், மூச்சு ஒன்று விடும் நேரம் அழுத்தி எடு என்று சொல்லிவையுங்கள். துடைத்தால் நிழலும் சேர்ந்து போய்விடும்.

வேனுக்குள் வெயிலில் விட்ட கிரீம் உருகி, மறுபடி இறுகும்போது மணல்போலத் திரித்திருக்கும். நான் சின்ன ஐஸ்பெட்டியில் துணி சுற்றி வைத்துக் கொண்டுபோகிறேன். வாடைக்காற்று மழைக்காலத்தில் ஸ்பொஞ்ச் காயாமல் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். வெட்டிப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஃபேன் காற்றில் முழுக்கக் காயவிட்ட பிறகே பெட்டிக்குள் போடுங்கள். பிரஷைக் கழுவினால் படுக்கவைத்தோ தலைகீழாகவோ காயவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் அடியில் இறங்கிப் பசை விட்டுப்போகும்.

பழகும் விதம்

முழு முகத்தில் பழகாதீர்கள். ஒரு லீவு நாள் காலையில் இடக் கன்னத்தில் மட்டும் நிழல் வையுங்கள், வலக் கன்னத்தைப் பவுண்டேஷனோடு விடுங்கள். ஜன்னலோரம் ஒரு படம், ரியூப் லைட்டில் ஒரு படம், வாசலில் ஒரு படம். ஃபோனை யாரிடமாவது கொடுத்து ஐந்தடி தூரத்தில் நின்று எடுக்கச் சொல்லுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு படத்தில் மட்டும் பட்டை தெரிந்தால் அந்த வெளிச்சத்தில் ஓரம் கரையவில்லை. மூன்றிலும் தெரிந்தால் நிறம் பிழை. மூன்றிலும் எதுவுமே தெரியாவிட்டால் அரை நெல்மணி கூட்டலாம்.

இரவில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தேய்த்து எல்லாவற்றையும் கரைத்து எடுத்துவிட்டு, முகத்தைக் கழுவித் துடையுங்கள். அடுத்த லீவு நாளில் வலக் கன்னம்.